அத்தியாயம் 6: வீட்டுக்கும் பட்டறைக்கும் ஒரு ஜெனரேட்டர்

கடைக்குள் நுழைந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி, "எத்தனை கேவிஏ வேணும் சார்?" என்பதுதான். பதில் தெரியாமல் நின்றால், அன்று கடையில் எது தேங்கிக் கிடக்கிறதோ அது நம் வீட்டுக்கு வந்துசேரும். அந்தப் பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு போவதற்காக இந்த அத்தியாயத்தின் முன்பாதி. வாங்கியதைக் காப்பாற்றுவதற்குப் பின்பாதி. சிறு ஜெனரேட்டர்கள் ஓடித் தேய்வதைவிடச் சும்மா நின்று கெடுவதே அதிகம். அதனால் பின்பாதியையும் வாங்கும் முன்பே படித்துவிடுவது நல்லது.

2011 டிசம்பரில் தானே கடலூரையும், 2016 டிசம்பரில் வர்தா சென்னையையும், 2018 நவம்பரில் கஜா டெல்டா மாவட்டங்களையும் புரட்டிப் போட்டன. கம்பங்கள் சாய்ந்த இடங்களில் கரண்ட் திரும்பி வர நாள்கணக்கு ஆனது, உள்கிராமங்களில் வாரக்கணக்கு. அப்போது ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகப் போய், வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள். விளக்கில்லாமல் ஒரு ராத்திரியை ஓட்டிவிடலாம். தண்ணீர் இல்லாமல் ஒரு காலைப்பொழுதை ஓட்ட முடியாது. போர் போட்ட வீடு என்றால், ஜெனரேட்டர் கணக்கை மோட்டாரிலிருந்து தொடங்குங்கள்.

இன்வெர்ட்டர் போதுமா?

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்துச் சிறு ஜெனரேட்டர் தருவது, நல்ல லோடில் சுமார் ஒன்றரை யூனிட். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் யூனிட் 65 ரூபாய்க்கு மேல் விழுகிறது. இரண்டு ஃபேனுக்கும் நாலு விளக்குக்கும் மட்டும் ஓட்டினால் கணக்கு இன்னும் மோசம். லோடு குறைந்தாலும் எஞ்சின் அதே வேகத்தில் சுற்றியாக வேண்டும் என்பதால், 300 வாட்ஸுக்கு மணிக்கு அரை லிட்டர் போய்விடும். அப்போது யூனிட் 150 ரூபாயைத் தாண்டும்.

ஆகவே ஒன்றிரண்டு மணி நேரக் கரண்ட் கட்டுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும்தான் சரி. ஜெனரேட்டருக்கு வேலை வருவது நான்கு இடங்களில்: மோட்டார் போட வேண்டும், பேட்டரி தாங்காத அளவுக்குக் கரண்ட் நாள்கணக்கில் இல்லை, பட்டறை வேலை நிற்கக் கூடாது, இணைப்பே இல்லாத கட்டட சைட்டில் வேலை.

இரண்டும் வைத்திருக்கும் வீட்டில், ஜெனரேட்டரை நாள் முழுக்க ஓட்டத் தேவையில்லை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் போதும். முதலில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புங்கள். தொட்டி நிறைந்து மோட்டார் நின்றதும் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் சார்ஜிங், மாவு அரைப்பது, செல்போன் எல்லாம். மூடியே வைத்த ஃபிரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். ராத்திரி விளக்கையும் ஃபேனையும் பேட்டரி பார்த்துக்கொள்ளும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யுபிஎஸ், நார்மல்' என்று ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். யுபிஎஸ் நிலையில் அது ஜெனரேட்டர் கரண்டை ஏற்காமல் தட்டிவிடலாம். நார்மலில் வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

எத்தனை கேவிஏ?

மோட்டார் உள்ள எந்தச் சாதனத்துக்கும் இரண்டு கணக்கு உண்டு. ஓடும்போது எடுப்பது ஒன்று. ஸ்டார்ட் ஆகும் அந்த ஓரிரு நொடியில் எடுப்பது வேறு. இரண்டாவது, முதலாவதைப் போல மூன்று முதல் ஆறு மடங்கு வரை போகும். ஈபி லைனில் இது நம் கண்ணில் படுவதில்லை. பின்னால் பெரிய டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. சிறு ஜெனரேட்டரிலோ, அந்த ஒரு நொடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

தோராயமான அளவுகள் இவை. உங்கள் சாதனத்தின் பெயர்த்தகட்டில் உள்ளதே இறுதி.

• எல்இடி பல்பு 9 வாட்ஸ், எல்இடி டியூப் 20
• சாதாரண சீலிங் ஃபேன் 75, பிஎல்டிசி ஃபேன் 30
• டிவி 80, வைஃபை 10
• ஃபிரிட்ஜ் ஓட 150, ஸ்டார்ட் ஆக 800 முதல் 1000
• மிக்ஸி 750, டேபிள் டாப் கிரைண்டர் 150
• 1 எச்பி போர் மோட்டார் ஓட 1300, ஸ்டார்ட் ஆக மூன்று மடங்குக்கு மேல்
• ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி 1600
• 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் 700 முதல் 850, கை டிரில் 600
• 2 எச்பி கம்ப்ரஸர் ஓட 2000, ஸ்டார்ட் ஆக 6000

இஸ்திரிப் பெட்டி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் ஜெனரேட்டர் பக்கமே கொண்டுவராதீர்கள். சூடுபண்ணும் வேலைக்குப் பெட்ரோலைக் கரண்டாக்குவது காசைக் கரியாக்குவதுதான்.

கேவிஏவை 0.8-ஆல் பெருக்கினால் பத்திரமாக நம்பக்கூடிய கிலோவாட் கிடைக்கும். 2 கேவிஏ என்றால் 1600 வாட்ஸ். 5 கேவிஏ என்றால் 4000.

முதல் உதாரணம், போர் மோட்டார் இல்லாத வீடு. நாலு ஃபேன் 300, ஆறு பல்பு 54, டிவி 80, வைஃபை 10, ஃபிரிட்ஜ் 150. மொத்தம் 594 வாட்ஸ். ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும் நொடியில் 150-க்குப் பதில் 1000 என்று வைத்தால் 1444. 2 கேவிஏ போதும். பலர் 594-ஐ மட்டும் பார்த்து 1 கேவிஏ வாங்கிவிட்டு, ஃபிரிட்ஜ் எடுக்கும்போதெல்லாம் எஞ்சின் திணறுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாவது, 1 எச்பி சப்மெர்சிபிள் உள்ள வீடு. அது ஓடும்போது 7 முதல் 8 ஆம்பியர். ஸ்டார்ட் ஆகும்போது 24 ஆம்பியருக்கு மேல். 230 வோல்ட்டால் பெருக்கினால் ஐந்தரை கேவிஏ, ஒரு நொடிக்கு. 3 கேவிஏ ஜெனரேட்டரில் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், காயில் சூடாகும். 5 கேவிஏ அந்த நொடி வோல்டேஜ் இறங்கித் தாங்கிவிடும், மற்ற லோடையெல்லாம் நிறுத்திவைத்திருந்தால். துல்லியமாகத் தெரிய வேண்டுமா, எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி ஈபி கரண்டில் மோட்டாரைப் போட்டு, டாங் டெஸ்டரால் ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். போர் எவ்வளவு ஆழம், மோட்டார் எத்தனை ஆண்டுப் பழையது என்பதெல்லாம் அந்த ஆம்பியரில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கேட், கிரில் அடிக்கும் சிறு வெல்டிங் பட்டறை. இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினில் 10 நம்பர் ராடு 100 ஆம்பியரில் எரியும்போது, உள்ளே இழுப்பது சுமார் நாலரை கேவிஏ. 12 நம்பர் ராடு இதைவிடக் குறைவு. வெல்டிங் மட்டும் என்றால் 5 கேவிஏ மட்டுமட்டு. ஒருவர் வெல்டிங் வைக்கும்போது இன்னொருவர் ஆங்கிள் கிரைண்டர் பிடிப்பார் என்றால் 6.5 அல்லது 7.5 கேவிஏ. பழைய ஆயில் கூலிங் டிரான்ஸ்பார்மர் வெல்டிங் மெஷினை இந்த அளவு ஜெனரேட்டரில் மாட்டவே வேண்டாம். அதற்குக் கொடுக்கும் பெட்ரோல் காசில் ஒரு இன்வெர்ட்டர் மெஷின் வாங்கிவிடலாம். கம்ப்ரஸர் இருந்தால், டாங்கில் காற்றை இறக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காற்றழுத்தத்தை எதிர்த்து எழும் மோட்டார் ஜெனரேட்டரை அமுக்கிவிடும்.

எந்த வகை?

650 முதல் 950 வாட்ஸ் வரையிலான மிகச் சிறியவை பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க வேண்டும். புகையும் சத்தமும் அதிகம். திருவிழாக் கடைக்கு நாலு விளக்கு என்றால் சரி, ஃபிரிட்ஜுக்கு ஆகாது.

நடைமுறையில் அதிகம் விற்பது ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் ஜெனரேட்டர். இதன் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடும். இரண்டு துருவ ஆல்டர்னேட்டர் நொடிக்கு 50 முறை சுற்றினால்தான் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஒரு பல்பு எரிந்தாலும் பத்து பல்பு எரிந்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது அதனால்தான். வோல்டேஜைக் கட்டுப்படுத்த ஏவிஆர் உள்ள மாடலையே கேளுங்கள். மோட்டார், வெல்டிங், கிரைண்டர் போன்ற முரட்டு லோடுக்கு, கொடுக்கும் காசுக்கு இந்த வகைதான் உழைக்கும்.

இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் உற்பத்தி செய்யும் கரண்டை டிசியாக மாற்றி, அதிலிருந்து மறுபடி சுத்தமான 50 ஹெர்ட்ஸ் ஏசியை உருவாக்குகிறது. எஞ்சின் 3000 சுற்றில் கட்டுண்டு கிடக்கத் தேவையில்லை. லோடு குறைந்தால் வேகமும் குறையும், சத்தமும் பெட்ரோலும் குறையும். 2 கேவிஏ இன்வெர்ட்டர் மாடல் 21 கிலோ அளவில்கூட உண்டு. ஒரு ஆள் கையில் தூக்கிப் போகலாம். கம்ப்யூட்டர், டிவி, மருத்துவச் சாதனம் வைத்திருக்கும் வீட்டுக்கும் அபார்ட்மென்ட் அக்கம்பக்கத்துக்கும் இதுவே நல்லது, பால்கனியில் வைத்து ஓட்டாத வரை. விலை மட்டும் இடிக்கும்.

டீசல் ஜெனரேட்டர் கனம், ஆனால் தினமும் பல மணி நேரம் ஓடும் பட்டறைக்கு எண்ணெய்ச் செலவு கட்டும். அதற்கு ஒரு நிபந்தனை: நல்ல லோடு வேண்டும். திறனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் மணிக்கணக்கில் ஓட்டினால் எரியாத டீசல் சைலன்சரில் கரியும் பிசுக்குமாகப் படியும். அவ்வப்போது ஓட்டும் வீட்டுக்கு டீசல் வேண்டாம்.

இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, 5 கேவிஏ த்ரீ ஃபேஸ் ஜெனரேட்டர். அதில் ஒரு ஃபேஸுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு, ஒன்றேமுக்கால் கேவிஏகூட இல்லை. உங்களிடம் உள்ளதெல்லாம் சிங்கிள் ஃபேஸ் சாதனம் என்றால் சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டரே வாங்குங்கள். இன்னொன்று, மலை. 300 மீட்டர் ஏறினால் எஞ்சின் பலம் சுமார் மூன்றரை சதவீதம் குறையும். ஊட்டி 2240 மீட்டர். அங்கே கால் பங்கு காணாமல் போய்விடும். கோவையில் 2 கேவிஏ இழுத்த லோடை ஊட்டியில் எதிர்பார்க்கக் கூடாது.

கடையில் பார்க்க வேண்டியவை

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது மேக்ஸிமம் அளவு. சில நிமிடங்களுக்கு மட்டும் தாங்குவது. ஜெனரேட்டரின் மேலேயே ஒட்டியிருக்கும் தகட்டில் 'ரேட்டட்' என்று இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். காயில் செம்பா அலுமினியமா என்று கேட்டு, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆயில் குறைந்தால் தானாக நிற்கும் வசதி, பெட்ரோல் அளவுகாட்டி, மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருந்தால் நல்லது. செல்ஃப் ஸ்டார்ட் இருந்தாலும் கயிறும் இருக்க வேண்டும். தேவைப்படும் நாளில் பேட்டரி இறங்கியிருக்கும்.

கடையிலேயே ஸ்டார்ட் செய்து, லோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு 1000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டியே போதும். மல்டிமீட்டரில் லோடில்லாதபோது 52 ஹெர்ட்ஸ் அளவிலும், முழு லோடில் 50-ஐ ஒட்டியும் நிற்க வேண்டும். வோல்டேஜ் 220-க்கும் 240-க்கும் நடுவில் இருக்கட்டும். கடைசியாக ஒரு கேள்வி: பிளக், ஃபில்டர், கார்புரேட்டர், ஏவிஆர் நாலும் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா? கிடைக்காத மலிவு மாடலைவிட, கிடைக்கும் மாடலுக்கு ஐயாயிரம் கூடக் கொடுக்கலாம்.

பழையது வாங்கினால், விற்பவர் முன்னமே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று சைலன்சரின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சில்லென்று இருக்கும் எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் உண்மை. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறம் என்றால் தண்ணீர் புகுந்தது. லோடில் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் போனது. விட்டுவிடுங்கள்.

வைக்கும் இடம்

இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறக்கம், வாந்தி என்று தொடங்கும். தூங்குகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

மழை கொட்டும்போது ஜெனரேட்டரை இழுத்துத் திண்ணையில், கார் ஷெட்டில், மாடிப்படிக்கு அடியில் வைப்பார்கள். ஆபத்து அங்கேதான். கதவு, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. வீட்டுச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி, சைலன்சர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலும் ஜன்னல்தான். மழைக்கு, நாலு பக்கமும் திறந்த ஒரு தகரக் கூரை போட்டு, தரையை ஒரு அடி உயர்த்திச் சிமெண்ட் மேடை கட்டிவிடுங்கள். யாருக்காவது தலை சுற்றினால் முதலில் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-க்குப் போன் செய்யுங்கள். எஞ்சினை அணைப்பது அடுத்த வேலை.

இணைப்பு

இரண்டு பக்கமும் பிளக் மாட்டிய ஒயரால் ஜெனரேட்டரை ஏதோ ஒரு சுவிட்ச் போர்டில் சொருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பவர்கள் உண்டு. மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் ஈபி லைனில் ஏறும். தெரு டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்தும். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனுக்கு அது தெரியாது. சொருகாத முனையின் பிளக் ஊசியைத் தொடுகிற வீட்டுக் குழந்தைக்கும் தெரியாது.

இதற்கு ஒரே வழி, மீட்டருக்குப் பின் ஒரு டபுள் போல் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். ஒரு பக்கம் ஈபி, மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் பூஜ்யம். இரண்டும் ஒருபோதும் சேராது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் ஸ்விட்ச்சாக இருக்க வேண்டும். உரிமம் உள்ள வயர்மேனைக் கொண்டு செய்யுங்கள். எர்த்தையும் அவரிடமே பேசுங்கள். பல சிறு ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்பட்டிருக்காது. அப்படியே விட்டால் வீட்டு ஆர்சிசிபி, ஷாக் அடித்தாலும் டிரிப் ஆகாமல் இருக்கலாம்.

பட்டறையில் நேரடியாக ஒயர் இழுத்தால் 16 ஆம்பியருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் குறைந்தபட்சம். சுருளை முழுக்க அவிழ்த்துப் போடுங்கள். சுருட்டியபடி லோடு இழுத்தால் உள்ளே சூடேறி உருகும்.

பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரை, விற்பனைக்கு அல்லாமல், வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. 25 லிட்டருக்கு மிகாத, இறுக்கி மூடிய உலோக டின்னில். தண்ணீர் பாட்டில் வேண்டாம். ஓடும்போதும், நிறுத்திய உடனேயும் டாங்கில் ஊற்றாதீர்கள். பதினைந்து நிமிடம் ஆறட்டும். சைலன்சர் மேல் சிந்தும் பெட்ரோலுக்குத் தீக்குச்சி தேவையில்லை. வீட்டுச் சிலிண்டரை ஜெனரேட்டருக்கு மாட்டுவதும் கூடாது; அது சமையலுக்கு மட்டும்.

ஓட்டும் முறை

சமதரையில் வைத்து ஆயில் பாருங்கள். பெட்ரோல் டேப்பைத் திறந்து, சோக்கை இழுத்து, ஸ்விட்ச்சைப் போடுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் தடுக்கும். பிஸ்டன் அமுக்கத்துக்கு வந்துவிட்டது. கயிற்றை உள்ளே விட்டு, பிறகு ஒரே வீச்சில் இழுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சோக்கைப் படிப்படியாகத் தள்ளி, மூன்று நிமிடம் லோடில்லாமல் ஓடவிடுங்கள்.

லோடு ஏற்றுவதில் பெரிய மோட்டார் முதலில், அது நிதானமான பின் அடுத்தது. இறக்குவது தலைகீழ். லோடையெல்லாம் அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் வெறுமனே ஓட்டி, பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை லோடில் ஓட்டுவது கூடாது. கடைசி மூச்சில் வோல்டேஜ் ஏறி இறங்குவது டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் கெடுதல்.

பராமரிப்பு

மேனுவல் சொல்வதே முதல் சட்டம். கைவசம் இல்லையென்றால் இந்த வரிசை பெரும்பாலான சிறு ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினுக்குப் பொருந்தும்.

• ஒவ்வொரு முறையும்: ஆயில் அளவு, ஏர் ஃபில்டர், கசிவு.
• முதல் 20 மணி நேரத்தில்: ஆயிலை மாற்றவும். புது எஞ்சினிலிருந்து வரும் இரும்புத் தூள் இதில் வெளியேறும்.
• 50 மணி அல்லது 3 மாதம்: ஏர் ஃபில்டர் சுத்தம். மரவேலை, கிரைண்டிங் தூசிக்கு நடுவே என்றால் வாரந்தோறும்.
• 100 மணி அல்லது 6 மாதம்: ஆயில் மாற்றம், பிளக் சுத்தம், பெட்ரோல் வண்டல் கிண்ணம்.
• 300 மணி அல்லது ஓராண்டு: வால்வு இடைவெளி மெக்கானிக்கிடம், புது பிளக்.

ஆயில், எஸ்ஏஇ 10டபிள்யூ-30 ஃபோர் ஸ்ட்ரோக். சிறு எஞ்சினுக்கு அரை லிட்டர் சொச்சம், 5 கேவிஏ அளவுக்கு ஒரு லிட்டர் சொச்சம்தான் போகும். அவ்வளவு கொஞ்சம் ஆயில் என்பதால் சீக்கிரம் கருக்கும், மாற்றவும் செலவில்லை. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அழுக்கெல்லாம் சேர்ந்து இறங்கும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு, நீலப்புகை கக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ரெண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். பேப்பர் ஃபில்டரைக் கழுவாதீர்கள். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று போல்ட்டையும் டெர்மினலையும் அரிக்கும். மாதம் ஒரு முறை துடைத்து லேசாக ஆயில் தடவுங்கள்.

நின்று கெடுவது எங்கே?

கார்புரேட்டரில். பம்பில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிவிட, மிச்சம் பிசினாகும்.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம், அதன் நடுவே பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனருக்கு வரும் ஒரு போல்ட். டேப்பை மூடி, கீழே டப்பா வைத்து, போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். நல்ல பெட்ரோல் தெளிவாக இருக்கும். மாதக்கணக்கில் நின்றதில் வார்னிஷ் வாசம் அடிக்கும். அடியில் மஞ்சளும் பழுப்புமாக ஒட்டிய பிசின், சில நேரம் உருண்டு ஓடும் தண்ணீர் முத்துகள். கிண்ணம் இருந்த இடத்தில் மேலே நோக்கினால், நடுத்தண்டுக்குள் திருகிய பித்தளை ஜெட் தெரியும். சரியான ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தத் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால், லோடில் எஞ்சின் ஏன் திணறுகிறது என்ற கேள்விக்கு அதுவே பதில். கார்ப் கிளீனர் அடித்து, பிரஷ்ஷின் நைலான் முடியால் துழாவி, காற்றடியுங்கள். இரும்பு ஊசி போட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும். மாட்டும்போது கிண்ணத்தின் ரப்பர் வளையம் முறுக்கியிருக்கக் கூடாது.

இந்த வேலையே வராமல் தடுக்க ஒரு பழக்கம் போதும். ஒவ்வொரு முறையும் லோடை எடுத்த பின், எஞ்சினை ஸ்விட்ச்சால் அணைக்காமல் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கிண்ணத்தில் உள்ளது எரிந்து தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டாங்கையும் வடித்து, அந்தப் பெட்ரோலை வண்டியில் ஊற்றி ஓட்டிவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை ரெண்டு முறை மெல்ல இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். கயிறு தடுக்கும் இடத்தில் நிறுத்தினால் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். ஈரம் உள்ளே போகாது.

கோளாறு வந்தால்

• ஸ்டார்ட் ஆகவே இல்லை: ஸ்விட்ச், டேப், ஆயில் அளவு இந்த வரிசையில். சாய்வான தரையில் ஆயில் சென்சாரே ஸ்டார்ட் ஆகவிடாது. பிறகு பிளக்: நனைந்திருந்தால் சோக் அதிகம், காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை.
• ஓடிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது: டாங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். ஓடினால், மூடியின் காற்றுத்துளை அடைப்பு.
• எஞ்சின் குரல் ஏறி இறங்கி ஊசலாடுகிறது: ஜெட் அல்லது கவர்னர். டிவியைக் கழற்றிவிடுங்கள்.
• கரும்புகை: சோக் முழுதும் தள்ளப்படவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு.
• எஞ்சின் ஓடுகிறது, கரண்ட் இல்லை: பிரேக்கரை மறுபடி போடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் கார்பன் பிரஷ், ஏவிஆர், அல்லது நெடுநாள் நின்றதில் ரோட்டரின் காந்தம் குறைந்தது. இது மெக்கானிக் வேலை.

ஆண்டு அட்டவணை

செப்டம்பர்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆயில், பிளக், ஃபில்டர். அன்றே போர் மோட்டாரை ஜெனரேட்டரில் போட்டுப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்பது சோதனை ஆகாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: மாதம் ஒரு முறை, பாதி லோடில் இருபது நிமிடம். புயல் எச்சரிக்கை வந்த அன்றே டின்னை நிரப்புங்கள். கரண்ட் போன பின் பம்பிலும் வரிசை நிற்கும். அக்கம்பக்கத்துக்கு இரவல் கொடுத்தால், ஓட்டத் தெரிந்த ஆளையும் கூட அனுப்புங்கள்.

ஜனவரி: டாங்க் வடித்து, மேலே சொன்னபடி மூடி வையுங்கள். ஒரு பிளக், ஒரு ஏர் ஃபில்டர், ஒரு கார்புரேட்டர் வளையம், ஒரு பாட்டில் ஆயில், இவற்றை ஒரு டப்பாவில் போட்டு ஜெனரேட்டரோடேயே கட்டி, கடைசியாக ஆயில் மாற்றிய தேதியையும் ஓடிய மணிக்கணக்கையும் அந்த டப்பா மூடியில் எழுதிவிடுங்கள்.